சீட்டுப்படி ஒப்படைக்கவும்

"குடுங்க சார், அது என்னோட பேன்ட்டுதான்" என்று கையை நீட்டினார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

தையல்கடைப் பொறுப்பில் இருந்த சர்க்குலர் கொடுக்கவில்லை. சாம்பல் நிறப் பேன்ட்டின் இடுப்பில் குண்டூசியால் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது. அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கண்ணாடி மேல் தவறு இல்லை.

"என்ன சார் யோசனை? நாலு மாசம் முன்னாடி தைக்கக் குடுத்தது. டைலர் போயிட்டார், பாவம். பேன்ட்டாவது வரட்டும்."

"உங்களுக்கு வேற ஏதாவது பேரு உண்டா?"

"எனக்கு எதுக்குங்க வேற பேரு?"

சர்க்குலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எழுத்தில் இருப்பதைப் படிக்கும்போது அவருக்குத் தானாகவே ஒரு மேடைக் குரல் வந்துவிடும். "'வாயைத் திறந்தால் ரம்பம். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். இரண்டு விரற்கடை கூட்டி வைக்கவும்.'"

கடைக்குள் காத்திருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று மேலே விட்டத்தைப் பார்த்தார்கள். எதிரே நூலும் பட்டனும் விற்கும் கடைக்காரம்மா மட்டும் தன் கல்லாவிலிருந்தபடியே குரல் கொடுத்தாள். "சத்தமாப் படிங்க சார், இந்தப் பக்கம் கேக்கலை!"

"இது நீங்கதானா?" என்று சர்க்குலர் வாத்தியாரைக் கேட்டார். "'ஆமாம், நான்தான்'னு சொல்லி இங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா பேன்ட்டை எடுத்துட்டுப் போகலாம். நடைமுறை அதுதான்."

வாத்தியாரின் முகம் கறுத்தது. "யாருய்யா ரம்பம்?"

"நான் சொல்லலைங்க. சீட்டு சொல்லுது."

"டைலர் எந்தக் காலத்துல சீட்டு எழுதினார்? முப்பது வருஷமா அவர்கிட்ட தைக்கிறேன், பில்லுன்னு ஒரு துண்டுக் காகிதம் குடுத்ததில்லை. மூஞ்சியைப் பார்த்தே துணியை எடுத்து நீட்டுவார்."

"உள்ளுக்குள்ள ஒரு ஒழுங்கு வெச்சிருந்திருக்கார். நமக்குத் தெரியலை" என்றார் சர்க்குலர். வாத்தியார் பேன்ட்டை வாங்காமலே போனார். போகும் வழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டே போனார் என்று பிறகு தெரிந்தது.

சர்க்குலர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் வேலை பார்த்த பெரிய அலுவலகத்தில் சுற்றறிக்கை தயாரிக்கும் பிரிவு அவருடையது. தண்ணீர் குடித்த டம்ளரை எந்தப் பக்கம் கவிழ்த்து வைக்கவேண்டும் என்பதற்கு மூன்று பத்தியில் சர்க்குலர் போட்டு, நாலாவது பத்தியில் முந்தைய சர்க்குலரை ரத்து செய்தவர். மேலே இருந்து எழுதி வந்த எதையும் ஏன் என்று கேட்டதில்லை. கீழே இருப்பவர்கள் ஏன் என்று கேட்டால் விட்டதும் இல்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்கூட அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. மனைவி அதன்மேல் காய்கறிக் கணக்கு எழுதிவைத்திருப்பாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. மேலாளர் ஆகவேண்டும். இவருக்குக் கீழே இருந்த இரண்டு பேர் இவரைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். இந்தத் தடவை விட்டால் பிறகு ஓய்வுபெறுகிற வயதுதான். கோப்பு மேலதிகாரியின் மேஜைக்கு வந்துவிட்டது, ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்து விழுகிறவரை தும்மக்கூட யோசிக்கவேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா காலமானார்.

பெரியப்பா தையல்கடைக்காரர். மனைவி போய் வெகுநாள் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். துணி இறுக்கம் என்று கத்துவார்கள், சிரிப்பார். தொளதொளப்பு என்று கத்துவார்கள், சிரிப்பார். தின்று தின்று பெருத்துவிட்டு வந்து அளவு தப்பு என்பார்கள். "அதுக்கென்னங்க, பிரிச்சுத் தெச்சுடலாம்" என்பார். ஒருத்தரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. கடைசி மாதம் டாக்டர் கைவிரித்த பிறகும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

உயிலை வக்கீல் படித்தார். கடையும் மாடி வீடும் பெரியப்பாவின் தங்கைக்கு, அதாவது சர்க்குலரின் அத்தைக்கு. எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கும் பொறுப்பு, அதாவது எக்ஸிகியூட்டர், சர்க்குலர். அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கூடியிருந்த சொந்தக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேர் இருக்க என்னைத் தேடிப்பிடித்தார் பார்த்தீர்களா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"இதுல நமக்கு என்னங்க கிடைக்கும்?" என்று மனைவி காதருகே கேட்டாள்.

"நம்பிக்கை" என்றார் சர்க்குலர்.

"அதை வெச்சு என்ன பண்றது?"

உயிலில் இன்னொரு வரியும் இருந்தது. 'கடையில் உள்ள பிறர் துணிமணிகளை, அவற்றில் குத்தியிருக்கும் சீட்டுப்படி, உரியவர்களிடம் என் தம்பி மகன் நேரில் ஒப்படைக்கவேண்டும்.' வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார்.

"வேலை இருக்கு சார்" என்றார் வக்கீல். "பாக்கி கீக்கி இருந்தா அடைக்கணும். கடையில இருக்கிறதுல எது அவரோடது, எது ஊரார் சாமான்னு பிரிக்கணும். ஊரார் சாமானை அவங்கவங்ககிட்ட சேர்த்துட்டு, அப்புறம்தான் உங்க அத்தைகிட்ட சாவி. நடுவுல ஒரு சட்டை தப்பான ஆளுக்குப் போச்சுன்னாலும் நீங்கதான் பதில் சொல்லணும். நல்லா யோசிச்சு..."

யோசிக்க ஆள் அங்கே இல்லை. சர்க்குலர் ஏற்கெனவே புதுப் பித்தளைப் பூட்டு வாங்கப் போய்விட்டார். பழைய பூட்டைத் தானே உடைத்து, புதுப் பூட்டைத் தானே மாட்டி, 'எக்ஸிகியூட்டர் அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று கதவில் ஒட்டிவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தபோது அவருக்கு மனசு நிறைந்தது. கம்பி நிறையக் கோட்டு, பேன்ட்டு, சட்டை, கவுன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டன் அட்டையை வெட்டிச் செய்த சீட்டு, எல்லாம் ஒரே பச்சை மை. துணிகளின் தோளில் தூசி படிந்திருந்தது. சீட்டுகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பெரியப்பாவின் சுத்தத்தை மெச்சிக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே நடைமுறை ஒன்றை வகுத்தார். உரிமை கோருபவர் முன்னால் வரவேண்டும். சீட்டு உரக்கப் படிக்கப்படும். அவர் ஒப்புக்கொள்ளவேண்டும். கையெழுத்து போடவேண்டும். இதைச் சுற்றறிக்கையாக அடித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார்.

வாத்தியார் போன மறுநாள் கடையில் கூட்டம். பாதிப் பேர் தன் துணிக்கு வந்தவர்கள். மீதிப் பேர் அடுத்தவர் சீட்டைக் கேட்க வந்தவர்கள். நூல்கடைக்காரம்மா தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

முதலில் நின்றவர் சர்க்குலரின் வீட்டுக்காரர். சர்க்குலர் குடியிருக்கும் வீடு அவருடையது.

"'வாடகை வாங்கும்போது மட்டும் காது கேட்கும்'" என்று சர்க்குலர் படித்தார். படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று புரிந்தது. "சார், இது... நீங்களா இருக்காதுன்னு..."

"என்ன சொன்னீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"அவருக்குக் கேக்கலைங்க, இன்னொரு தடவை படிங்க" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். சர்க்குலர் இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை கேட்டது.

அன்று மாலை மனைவி சொன்னாள். "பேசாம சீட்டைப் பிச்சுப் போட்டுட்டு துணியைக் குடுங்களேன். யாருங்க கேக்கப் போறா?"

"சீட்டுப்படின்னு எழுதியிருக்கு. எழுத்துல இருக்கிறதை மாத்த நான் யாரு?"

"அப்ப எல்லார் முன்னாடியும் படிக்காதீங்க. உள்ள கூப்பிட்டுக் காதோட சொல்லுங்க."

அது நல்ல யோசனையாகப் பட்டது. கடையின் மூலையில் போட்டுப் பார்க்கிற அறை ஒன்று, திரை போட்டிருக்கும். மறுநாள் கோட்டுக்கு வந்த டாக்டரை அதற்குள் அழைத்துப்போய் ரகசியமாகப் படித்தார். ஆனால் சர்க்குலரின் ரகசியக் குரல் என்பது ஆபீஸில் மூன்று அறை தாண்டிக் கேட்பது. வெளியே நின்ற அத்தனை பேரும் திரையில் காதை வைத்தார்கள்.

"'ஒரு தும்மலுக்கு ஏழு டெஸ்ட்'" என்று உள்ளேயிருந்து வந்தது. "'எட்டாவது பாக்கெட் கேட்கிறார். வைத்தாகிவிட்டது.'"

அத்தனை பேரின் பாரமும் தாங்காமல் திரைக்கம்பி பிடுங்கிக்கொண்டது. டாக்டர் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி, ஏழெட்டு நோயாளிகளின் நடுவே, அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது வெளிப்பட்டார். ஒரு டாக்டருக்கு இதைவிட மோசமான நிலை வராது. சர்க்குலரின் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிக் கொடுப்பவர் அவர்தான். இனிமேல் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோட்டை எடுக்காமலே போனார்.

சர்க்குலர் அசரவில்லை. அறிவு குறைவாக இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி, அசரவே மாட்டார்கள். நான் படிப்பதுதானே பிரச்சினை, இனி நான் படிக்கப்போவதில்லை, அவரவர் படித்து அவரவரைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார். கடை வாசலில் நீளமாகக் கயிறு கட்டி, அத்தனை துணிகளையும் சீட்டு வெளியே தெரியும்படி வரிசையாகத் தொங்கவிட்டார். 'தங்களைத் தாங்களே அடையாளம் கண்டு பெற்றுக்கொள்ளவும்' என்று மேலே ஒரு அட்டை.

உலகத்தில் யாரும் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டதில்லை. அடுத்தவரைத்தான் கண்டுகொள்வார்கள். அரை மணி நேரத்தில் தெரு ஒரு சந்தையாகிவிட்டது.

"'எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்.' ஏய், இது உன் மச்சான்தானே?"

"ஏன், நீங்க என்ன அள்ளிக் கொட்டிட்டீங்க? கோட்டு உங்க சைஸ் மாதிரி இருக்கு."

"'இடுப்பளவைக் கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய பதில் சொல்லும் அம்மணி.' இது பேக்கரிக்காரம்மா."

"யாரு? நானா? முதல்ல உங்க வீட்டுல இருக்கிறவளைப் போய் அளந்து பாருங்க!"

"'நாளைக்கே வேண்டும் என்று குதித்துவிட்டு ஆறு மாதமாக ஆளைக் காணோம்.'" இதற்கு மட்டும் பதினாறு பேரை அடையாளம் காட்டினார்கள்.

கோட்டைத் தொட்டால் சீட்டை ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் ஒருவரும் எதையும் தொடவில்லை. தன் கோட்டு காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, அது தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்தார்கள். நூல்கடைக்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

கயிற்றில் கடைசியாக ஒரு நீலக் கவுன். சர்க்குலரின் மனைவியுடையது. கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தாள். அவள் நேராக வந்து சீட்டைப் பார்த்தாள். 'பாவம், நல்ல பெண். எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ!'

"ஆமாம், நான்தான்" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டை மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள். இத்தனை நாளில் நடைமுறையை முழுசாகப் பின்பற்றிய ஒரே ஆள். சர்க்குலருக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சீட்டில் ஏன் பாவம் என்று போட்டிருக்கிறது என்றுதான் புரியவில்லை. வீட்டில் துணி துவைக்கிற வேலை அதிகம் என்று பெரியப்பா நினைத்திருப்பார்.

இந்த நிலையில் அத்தை போன் செய்தாள். "என்னடா, கடைச் சாவி வருமா வராதா? ஊர்ல எவன் எவனோ எனக்குப் போன் பண்ணி என்னைத் திட்டறான். நான் என்னடா பண்ணேன்?"

சர்க்குலர் வக்கீலிடம் ஓடினார். மேலதிகாரியின் கோட்டு ஒன்றும் கடையில் இருப்பதை அன்று காலைதான் கயிற்றில் மாட்டும்போது பார்த்திருந்தார். அதை மட்டும் அவசரமாகச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார். சீட்டைப் படித்ததுமே அது யார் கோட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் விலகிக்கிறேன் சார். எக்ஸிகியூட்டர் வேலை வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன்."

"முதல் நாளே குடுத்திருந்தா முடிஞ்சுபோயிருக்கும்" என்றார் வக்கீல். "அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க பூட்டு வாங்கப் போயிட்டீங்க."

"பூட்டுதானே போட்டேன்?"

"கைவெச்சாச்சு சார். பூட்டை உடைச்சீங்க, நோட்டீஸ் ஒட்டினீங்க, துணியை எடுத்துத் தெருவுல தொங்க விட்டீங்க. இதெல்லாம் பொறுப்பை ஏத்துக்கிட்டாச்சுன்னு அர்த்தம். இனிமே பாதியில இறங்க முடியாது. முடிச்சுட்டுத்தான் இறங்கணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக, எழுத்தில் இருப்பதைச் சற்றே மாற்றலாமா என்று சர்க்குலர் யோசித்தார். அன்று முழுக்கக் கடைக்குள் உட்கார்ந்து பழைய சீட்டுகளை எல்லாம் கழற்றி ஓர் உறையில் போட்டு, உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆவணத்தைக் கிழிப்பவர் அல்ல. பிறகு புதுச் சீட்டுகள் எழுதினார். எது யாருடையது என்று தனக்குத் தெரியவேண்டுமே, அதனால் ஒவ்வொரு பழைய வாசகத்துக்கும் மரியாதையான வாசகம் ஒன்று கண்டுபிடித்தார். ரம்பத்துக்கு 'நாவன்மை மிக்கவர்'. காக்கா ஓட்டாதவருக்கு 'கொடை வள்ளல்'. காது கேட்காத வீட்டுக்காரருக்கு 'கூர்ந்து கேட்கும் பண்பாளர்'. எல்லாம் முத்து முத்தான அவருடைய கையெழுத்தில்.

மறுநாள் காலை அவற்றைக் கயிற்றில் பார்த்ததும் தெரு கொதித்தது. வைதால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இது என்ன?

"நேத்து காக்கா ஓட்டாதவன், இன்னிக்குக் கொடை வள்ளலா?" என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நக்கலாய்யா பண்றே?"

கணக்கு வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தன் சீட்டைப் பிடுங்கி உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடியில் சர்க்குலர் கையால் எழுதிய ஒரு குறிப்பும் கையெழுத்தும்.

"பாருங்கய்யா, ரெண்டும் ஒரே கை! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா, டைலர் சீட்டே எழுதமாட்டார்னு? அந்தத் தங்கமான மனுஷன் இப்படியெல்லாம் எழுதுவாரா? அத்தனையும் இவன் வேலை. செத்தவர் பேர்ல பழியைப் போட்டுட்டு, உட்கார்ந்து எழுதியிருக்கான்!"

"ஐயோ, முதல் சீட்டு நான் எழுதலைங்க!"

"அப்ப ரெண்டாவது?"

"ரெண்டாவது நான்தான். ஆனா முதல்..."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சர்க்குலர் நூல்கடைக்காரம்மாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா, பெரியப்பா கையெழுத்து உங்களுக்குத் தெரியுமில்ல?" அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் கார் வந்து நின்றது. மேலதிகாரி இறங்கினார். கூடவே அவர் மனைவியும் இறங்கினாள்.

கூட்டம் வழிவிட்டது. மேலதிகாரி உயரம் குறைவு, குரல் அதிகம். "ஓ, நீங்கதான் டைலரோட எக்ஸிகியூட்டரா? ஆபீஸ்ல சொல்லவே இல்லையே. நாளைக்கு ஒரு விழா, என் கோட்டு இங்க மாட்டிக்கிச்சு."

சர்க்குலர் உள்ளே ஓடிப்போய்க் கோட்டை எடுத்துவந்தார். அதில் புதுச் சீட்டு, 'அஞ்சாநெஞ்சர். அகன்ற தோளர்' என்று. மேலதிகாரி படித்தார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! டைலர் நம்மளைப் பத்தி இவ்வளவு..."

"அது டைலர் எழுதினது இல்லை சார்" என்றார் வீட்டுக்காரர். இதெல்லாம் அவருக்கு நன்றாகக் காது கேட்டது. "எங்க எல்லாருக்கும் பழைய சீட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. உங்களுக்கும் இருக்கும். அவர் சட்டைப் பை உறையில மஞ்சளா எட்டிப் பாக்குது பாருங்க."

மேலதிகாரி சர்க்குலர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் இருக்கிற ஆவணத்தை இல்லை என்று சொல்ல சர்க்குலருக்கு வாய் வரவில்லை. "இருக்கு சார். ஆனா அது..."

"உயில்ல என்ன எழுதியிருக்கு?"

"சீட்டுப்படி ஒப்படைக்கணும்னு, சார்."

"எழுத்துல இருக்கிறதை நாமளா மாத்தலாமா? நீங்கதானே ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்வீங்க? எடுங்க. படிங்க."

சர்க்குலர் உறையைப் பிரித்தார். மெல்லப் படித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் படிக்க ஆரம்பித்ததும், பழக்க தோஷம், மேடைக் குரல் வந்துவிட்டது. "'மேஜைக்குப் பின்னால் புலி. மனைவி கூட வந்தால் பூனை. தோளில் பஞ்சு வைக்கச் சொல்கிறார். பஞ்சை எடுத்துவிட்டால் உள்ளே தோளே இல்லை.'"

எல்லாரும் மேலதிகாரியின் தோளைப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. மேலதிகாரியின் மனைவி சிரித்தாள். அவள் ஆரம்பித்ததும் தெருவே சிரித்தது.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார் மேலதிகாரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"'ஆமாம், நான்தான்'னு முதல்ல சொல்லணும் சார்" என்று சர்க்குலரின் வாய் சொல்லிவிட்டது. மூளை தடுக்கப் போவதற்குள் சொல்லிவிட்டது.

"சொல்லுங்களேன்" என்றாள் அவர் மனைவி.

"ஆமாம்" என்றார் மேலதிகாரி பூனைக் குரலில். "நான்தான்." கையெழுத்தைப் போட்டார். கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காரில் ஏறும்முன் சர்க்குலரிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு. நாளைக்குக் காலையில அதுலயும் ஒரு சீட்டு குத்திடறேன்."

சர்க்குலர் அங்கேயே நின்றார். இத்தனை வருஷம் டம்ளர் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தது எல்லாம் அந்தக் காரில் ஏறிப் போயிற்று. அழுகை வந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் தெருவுக்கு என்னவோ ஆகிவிட்டது. அத்தனை பெரிய மனுஷனே சொல்லிவிட்டுப் போன பிறகு நமக்கென்ன என்று தோன்றியதோ என்னவோ, கணக்கு வாத்தியார் முதலில் வந்தார். "படிய்யா." சர்க்குலர் பழைய சீட்டைப் படித்தார். "ஆமாம், நான்தான். ரம்பம்தான். குடு பேன்ட்டை." வீட்டுக்காரர் வந்தார். டாக்டர் வந்தார். காக்கா ஓட்டாதவரும் மச்சானும் ஒரே கோட்டுக்கு வந்து, கடைசியில் அது இருவருக்கும் பொது என்று ஒப்புக்கொண்டார்கள். பேக்கரிக்காரம்மா தன் இடுப்பளவைத் தெருவுக்கே சொல்லிவிட்டுக் கவுனை வாங்கிப்போனாள். பொழுது சாய்வதற்குள் கயிறு காலி. ஒரு பட்டன்கூடத் தப்பான ஆளுக்குப் போகவில்லை. வக்கீல் தன் அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு உயில் நிறைவேறியதில்லை என்றார்.

சாவியை அத்தை வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தெருவுல தலைகாட்ட முடியலைடா உன்னால" என்று மட்டும் சொன்னாள்.

சர்க்குலர் கடைப் படியில் உட்கார்ந்தார். நூல்கடைக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போகட்டும்மா. எனக்கு ஒரு திருப்தி" என்றார். "ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம பெரியப்பா எழுதியிருக்கார். என் மேலதிகாரியை விடலை, வீட்டுக்காரரை விடலை, டாக்டரை விடலை. நானும் பத்து வருஷமா இங்கதான் தைக்கக் குடுக்கிறேன். என்னைப் பத்தி மட்டும் ஒரு சீட்டு இல்லை, கவனிச்சீங்களா? அவ்வளவு மதிப்பு வெச்சிருந்திருக்கார்."

"உங்களுக்கு எதுக்கு சார் சீட்டு?" என்றாள் நூல்கடைக்காரம்மா. "போன மாசம் எங்கிட்ட பட்டன் அட்டையா வாங்கி வெட்டி, சிரிச்சுக்கிட்டே அத்தனையும் ஒரே மூச்சுல எழுதினாரே, அப்பவே நான் கேட்டேன், 'இதையெல்லாம் அவங்கவங்க மூஞ்சிக்கு நேரா யாருங்க சொல்லப் போறா'ன்னு, 'அதுக்கு எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான்மா, எழுதி மட்டும் வெச்சிட்டாப் போதும், ஏன்னு கேக்காம சத்தமாப் படிச்சு, ஒவ்வொருத்தன்கிட்டயும் கையெழுத்தும் வாங்கிடுவான்'னாரு."